வேர்ச் சிகிச்சை செய்த பல் மறுபடி வலிக்கிறதா? எக்ஸ்ரே எடுக்காமல் மாத்திரை வாங்காதீர்கள்

"நரம்பெடுத்த பல் வலிக்காது அம்மா, இது பீனிசமாக இருக்கும்." பல் சிகிச்சை நிலையத்தில் சொன்ன இந்த ஒரு வசனத்தை நம்பி எட்டு மாதம் அவதிப்பட்டேன்.

2017இல் யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் இடப்பக்க மேல் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்தேன். இரண்டு தடவை போனதோடு முடித்துவிட்டார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுக்கவில்லை. பல்லுக்கு உறை போட வேண்டாமா என்று கேட்டேன். அடைத்ததே போதும் என்றார்கள்.

ஏழு ஆண்டுகள் ஒரு தொந்தரவும் இல்லை. 2024 பங்குனியில் புழுக்கொடியல் ஒன்றைக் கடித்தபோது கன்னம் வரை சுரீரென்று இழுத்தது. குளிருக்கும் சூட்டுக்கும் கூசவில்லை, கடித்தால் மட்டும் வலி. அதே நிலையத்துக்குப் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அன்டிபயோட்டிக் எழுதித் தந்தார்கள். குடிக்கும்வரை சுகம், முடிந்து சில வாரங்களில் மறுபடி வலி. இப்படி நான்கு தடவை. ஒரு தடவைகூட எக்ஸ்ரே இல்லை.

ஆவணியில் அந்தப் பல்லுக்கு மேலே முரசில் (ஈறில்) அரிசியளவில் ஒரு கொப்புளம் வந்தது. அது உடைந்து வாயில் உப்புக் கரித்த அன்று வலி நின்றுவிட்டது. மாறிவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் உள்ளே தேங்கிய சீழ் வெளியேற வழி கண்டிருந்தது, அவ்வளவுதான். கொப்புளத்தைக் காட்டியதும், பல்லைப் பிடுங்கி இம்பிளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்று செலவுக் கணக்கையே எழுதி நீட்டினார்கள்.

பெறாமகள் பிடிவாதமாக வேறொரு பல் வைத்தியரிடம் கூட்டிச்சென்றாள். அவர் முதலில் செய்த வேலை எக்ஸ்ரே எடுத்ததுதான். திரையில் வேர்களுக்குள் வெள்ளைக் கோடுகளாகப் பழைய அடைப்பு தெரிந்தது. முன்வேரின் நுனியைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு நிழல். "இந்தப் பல்லின் முன்வேரில் பெரும்பாலும் நரம்பு ஓடும் கால்வாய்கள் இரண்டு இருக்கும் அம்மா. ஒன்றைத்தான் அடைத்திருக்கிறார்கள்" என்றார். பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும் வேரைச் சுற்றிய எலும்புக்கும் சவ்வுக்கும் உணர்ச்சி உண்டு, வலி அங்கிருந்துதான் வருகிறது. பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரையின் மருந்து அந்தக் கால்வாய்க்குள் போய்ச் சேராது. இவ்வளவையும் அவர் ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்தினார். அதைத்தானே அந்த எட்டு மாதமும் எனக்கு யாரும் சொல்லவில்லை!

பழைய அடைப்பை எடுத்து, விடுபட்ட கால்வாயைத் தேடித் துப்புரவாக்கி, மறுபடி அடைத்து, மேலே உறையும் போட்டார். வேரில் விரிசல் விட்டிருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

வேர்ச் சிகிச்சை செய்துகொள்பவர்கள், எத்தனை கால்வாய் அடைத்தார்கள் என்று வைத்தியரிடம் கேளுங்கள், முடிவில் எடுத்த எக்ஸ்ரேயின் பிரதியைக் கையோடு வாங்கி வைத்திருங்கள். முரசில் கொப்புளம் கண்டால், வலி இல்லையென்று இருந்துவிடாதீர்கள். காசுக்கு யோசிப்பவர்களுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

பழைய நிலையத்தில் என் 2017 பதிவுகளைக் கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொப்புளம் மறைந்துவிட்டது. எலும்பு ஆறியிருக்கிறதா என்று பார்க்க, ஒரு வருடம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வரச்சொல்லியிருக்கிறார் புதிய வைத்தியர்.