சென்னை–பினாங்கு: நாலு மணி நேரப் பயணம், பதினைந்தரை மணி நேரம் ஆனது

எழுபது ரிங்கிட் மிச்சமாகிறதே என்று போகும்போது கோலாலம்பூர் வழியாக டிக்கெட் போட்டேன். வேண்டாம் என்று வீட்டுக்காரர் அப்போதே சொன்னார், நான்தான் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து பினாங்கு நேர்கோட்டில் சுமார் 2,370 கிலோமீட்டர், கோலாலம்பூர் சுமார் 2,630. அதாவது பினாங்கில் இருக்கும் அம்மா வீட்டைத் தாண்டித் தெற்கே போய் இறங்கி, அப்புறம் 325 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வர வேண்டும். வானத்தில் அது கூடுதலாக ஒரு மணி நேரம், அவ்வளவுதான். வினை எல்லாம் தரையில். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் பெட்டி நேராகப் பினாங்குக்குப் போகாது; டெர்மினல் 1-இல் குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்துக்கொண்டு டெர்மினல் 2-க்கு ரயில் ஏற வேண்டும். ரயிலில் குறையே இல்லை, 2 ரிங்கிட், மூன்றே நிமிடம். எனக்கு மலேசியக் கடப்பிதழ், தானியங்கிக் கதவில் நுழைந்து வந்துவிட்டேன். அவருக்கு இந்தியப் பாஸ்போர்ட். விசா வேண்டாம், ஆனால் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். மனிதர் வரிசையில் நின்றபடி கண்ணாடியைத் தேடித் தேடி நிரப்பினார்.

பெட்டி வர ஐம்பது நிமிடம். அப்பளமும் வடகமும் வைத்த அட்டைப்பெட்டி கடைசியாக வந்தது, நான் கட்டிய நைலான் கயிறு அறுந்து, யாரோ மஞ்சள் டேப் சுற்றி, ஒரு மூலை நசுங்கி. கவுண்டரில் கேட்டால் ஒரு படிவத்தை நீட்டினார்கள், இன்றுவரை பதில் இல்லை. பினாங்கு விமானம் அதற்குள் போய்விட்டது, அடுத்தது மத்தியானம். சென்னையில் கதவைப் பூட்டி, ஆயர் ஈத்தாமில் அம்மா கதவைத் திறந்தபோது பதினைந்தரை மணி நேரம்! தாத்தா ரஜூலா கப்பலில் ஏறக்குறைய ஒரு வாரம் வந்தவர், அவர் டிரங்குப் பெட்டி இன்னும் வீட்டில் முழுசாக இருக்கிறது.

திரும்பும்போது பணத்தைப் பார்க்காமல் நேரடி விமானம். 2024 டிசம்பரில்தான் இது தொடங்கியது. டிக்கெட்டில் ஒன்பதரைக்கு ஏறி பத்தே முக்காலுக்கு இறங்குவதாகப் போட்டிருந்ததைப் பார்த்து அம்மா நம்பவில்லை. "ஒரு மணி நேரத்துல மெட்ராஸா? கோலாலம்பூருக்கே அவ்வளவு ஆகுமே!" இரண்டரை மணி நேர வித்தியாசத்தை எவ்வளவு விளக்கியும் ஏறவில்லை. 1982 தொடக்கத்தில் மலேசியாவில் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள், அதற்கு முன் வித்தியாசம் இரண்டே மணி நேரம் என்று சொல்லி நான் இன்னும் குழப்பியும் விட்டேன்.

சென்னையில் இறங்கி, பெட்டி பத்து நிமிடத்தில் கைக்கு வந்து, பதினொரு மணிக்குப் போன் செய்தேன். அங்கே ஒன்றரை. அம்மா சாப்பிட்டுப் படுத்திருந்தார்.

"ஒரு மணி நேரம்னு சொன்ன?" என்றார்.