பாட்டி பலகையும் புதுக் கட்டிலும்: இணைப்புத் தகடு வாங்கலாமா?

பாட்டி காலத்துத் தேக்குத் தலைமாட்டுப் பலகையைத் தூக்கிப் போட மனசு வரல. பலகை 54 அங்குல அகலம், புதுக் கட்டிலோ 60. பக்கத்துக்கு 3 அங்குலம் போதல. அதுக்குத்தான் பலகையையும் கட்டில் சட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கற இந்த இரும்பு இணைப்புத் தகடு ஒரு ஜோடி வாங்கினேன். நீள்துளை இருக்கறதால போல்ட்டை நகர்த்தி நகர்த்திப் பொருத்தலாம். தகடு நல்ல கனம், வளையல. கூட வந்த போல்ட்தான் மோசம்: பலகையோட கால் ஒன்றரை அங்குலத் தடிமன், போல்ட் நுனி மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்கல! நீளமா வேற வாங்கி, வாஷர் போட்டு முடுக்கினேன். பழைய மரத்துல டிரில்லை அவசரமா அழுத்தினா விரிசல் விடும். முதல்ல சின்னத் துளை போடுங்க. ரெண்டு பக்கமும் மெத்தை பலகையைத் தாண்டித் தெரியுது. மனைவிக்கு உறுத்துது, எனக்கு இல்ல. ஆட்டமோ கிறீச் சத்தமோ கிடையாது. நாலு நட்சத்திரம், ஒண்ணு போல்ட்டுக்காகக் கழிச்சாச்சு.