தளர்ந்த இதயத்துக்கு ஹார்மோன்: கொடுப்பதா, தடுப்பதா?

இதயச் செயலிழப்பு, அதாவது ரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் இதயம் தளர்ந்த நிலை, உள்ளவர்களைச் சோதித்தால் வளர்ச்சி ஹார்மோனோ ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனோ குறைந்திருப்பது அபூர்வமல்ல. குறைந்ததை ஈடுகட்டினால் இதயம் தேறாதா? நியாயமான கேள்விதான்.

வளர்ச்சி ஹார்மோன்தான் முதலில் ஆசை காட்டியது. 1996-இல் இத்தாலியில் ஏழே பேருக்கு மூன்று மாதம் ஊசி போட்டார்கள். இதயச் சுவர் தடித்தது, உழைக்கும் திறன் கூடியது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்துக் குழு இல்லை. இரண்டே வருடத்தில் ஜெர்மனியில் 50 பேரிடம், யாருக்கு எது போகிறது என்று மருத்துவருக்கே தெரியாதபடி சோதித்தார்கள். இதயத் தசையின் எடை கூடியது உண்மை. நோயாளி அதனால் தேறவில்லை. ஸ்கேனில் தெரியும் மாற்றத்தை நம்பி ஏமாறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2009-இல் மறுபடி இத்தாலியர்கள், இந்த ஹார்மோன் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. ஆனால் அதுவும் 56 பேர்தான்.

டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் மேல். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 76 ஆண்களுக்கு ஒரு வருடம், தோல் வழியே இந்த ஹார்மோனை இறக்கும் பட்டை ஒட்டிப் பார்த்ததில், நடக்கும் தூரம் சராசரியாக 25 மீட்டர் கூடியது. ஒட்டிய இடத்தில் பலருக்குத் தோல் புண்ணானது. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வு இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்பும், நுரையீரலில் ரத்தக்கட்டியும் கூடின. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்கு இந்தத் துடிப்புக் கோளாறு சின்ன விஷயமில்லை.

தைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் இளைத்துக் களைத்ததுதான் மிச்சம். தைராய்டு உண்மையிலேயே குறைந்தவருக்கு மாத்திரை கொடுப்பது வேறு கதை.

எதிர்த்திசையில் போனவர்கள்தான் ஜெயித்தார்கள். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கும் பழைய, மலிவான மாத்திரை ஸ்பைரோனோலாக்டோன். 1999-இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில் 1,663 பேர். வெற்று மருந்துக் குழுவில் 46 சதவீதம் பேர் இறந்தார்கள், மாத்திரைக் குழுவில் 35. நடந்த மீட்டர் கணக்கல்ல, உயிர்க்கணக்கு. என் ஓட்டு இதற்குத்தான். பொட்டாசியம் ஏறுகிறதா என்று ரத்தப் பரிசோதனை மட்டும் தவறக்கூடாது. இன்னொரு வேடிக்கை: இது டெஸ்டோஸ்டிரோனையும் கொஞ்சம் மடக்கும், அதனால் பத்தில் ஒரு ஆணுக்கு மார்பு வீங்கும் அல்லது வலிக்கும். பொறுக்க முடியாதவர்களுக்கு ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் இன்னொரு மாத்திரை எப்ளெரினோன் இருக்கிறது, விலைதான் கூடுதல்.