கணிதக் கல்வியில் முனைவர் பட்டம்: அமெரிக்காவா, நார்வேயா?

அமெரிக்காவில் நீங்கள் மாணவர். நார்வேயில் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதலில் வகுப்புகள், அப்புறம் தகுதித் தேர்வு, பிறகுதான் ஆய்வேடு. 5 ஆண்டு ஓடிவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம்தான். நார்வேயில் 3 ஆண்டு, கற்பித்தலும் சேர்ந்தால் 4.

சரி, நார்வேதானே மேல்? அவசரப்படாதீர்கள். நம் துறையின் தரவே குழந்தைகளின் பேச்சு. பின்னக் கணக்கில் ஒரு சிறுமி எங்கே தடுமாறுகிறாள் என்பதை அவள் மொழியிலேயே கேட்டால்தான் புரியும். நார்வேயின் ஆக்டர் பல்கலைக்கழகம் இருக்கும் கிறிஸ்தியான்சான் நகரப் பள்ளிகளில் அது நார்வேஜிய மொழி. தூய கணித ஆய்வாளருக்கு இந்தச் சிக்கலே இல்லை. வகுப்பறைக்குள் உட்கார்ந்து ஆய்வு செய்ய விரும்பி, ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கு நான் அமெரிக்காவையே சொல்வேன்.