பெருநகர மக்கள்: எந்தக் கோட்டுக்குள் நின்று எண்ணுவது?

2018-இல் ஐநா வெளியிட்ட உலக நகரங்கள் பட்டியலில் டோக்கியோதான் முதலிடம். ஏறக்குறைய 3.7 கோடிப் பேர். ஜகார்த்தாவுக்கு அப்போது தரப்பட்ட எண் 1 கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. 2025 நவம்பரில் அதன் அடுத்த பதிப்பு வந்தது. அதில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடியுடன் முதலிடம், டாக்கா இரண்டாமிடம், டோக்கியோ 3.3 கோடியுடன் மூன்றாமிடம். இடையில் மூன்று கோடிப் பேர் மூட்டைமுடிச்சோடு ஜகார்த்தாவுக்குக் குடிவந்துவிடவில்லை. முன்பெல்லாம் ஒவ்வொரு நாடும் தன் நகரத்துக்கு வரைந்த எல்லைப்படி தந்த எண்ணையே ஐநா எடுத்துக்கொண்டது. இந்த முறை எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலைப் பிடித்தது. கோடு மாறியது, வரிசையும் மாறிவிட்டது.

தலைக்கணக்கு மட்டும் மாறினால்கூடப் பரவாயில்லை. அந்த ஊரில் ஏழைகள் எத்தனை பேர், முதியவர்கள் எத்தனை பேர், வெளியூரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், வாடகை வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற எல்லாக் கேள்விகளின் விடையும் கோட்டோடு சேர்ந்தே நகர்கிறது. இரண்டு பெருநகரங்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. ஒரு நகரத்துக்கு மாநகராட்சி எண்ணையும் இன்னொன்றுக்குப் பெருநகரப் பகுதி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘அங்கே வறுமை அதிகம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது வெறும் கவனக்குறைவாக நின்றுவிடுவதில்லை. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எங்கே வர வேண்டும் என்பது அந்த எண்களை வைத்துத்தான் முடிவாகிறது.

இன்று நடைமுறையில் இருக்கும் கோடுகள் நான்கு: மாநகராட்சி எல்லை, கட்டடங்கள் தொடர்ந்து இருக்கும் பரப்பு, வேலைக்குப் போய்வரும் வட்டம், ஒரு கிலோமீட்டர் கட்டம்.

மாநகராட்சி எல்லை

இதன் பலம் வெளிப்படையானது. கோட்டுக்குப் பின்னால் ஓர் அரசு நிர்வாகம் இருக்கிறது. வரி கட்டுவதும் ஓட்டுப் போடுவதும் குப்பை அள்ளுவதும் அந்த எல்லைக்குள்தான். வார்டு வார்டாகத் தரவு கிடைப்பதும் இங்கேதான். படிப்பு, மொழி, வீட்டு வசதி என்று எதைக் கேட்டாலும் ஏதாவது ஓர் அட்டவணை இருக்கும்.

ஆனால் அந்தக் கோடு எப்போதோ எதற்காகவோ போடப்பட்டது. பாரிஸ் மாநகரின் பரப்பு 105 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 21 லட்சம். கட்டடத் தொடர்ச்சியைப் பார்த்தால் அதே பாரிஸ் 1 கோடியைத் தாண்டுகிறது. வேலைக்கு வந்துபோகும் ஊர்களையும் சேர்த்தால் சுமார் 1.3 கோடி. சீனாவின் சோங்சிங்கில் கதையே தலைகீழ். ‘உலகின் மிகப் பெரிய நகரம்’ என்று அடிக்கடி பகிரப்படும் இந்த நிர்வாகப் பகுதியின் பரப்பு 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆஸ்திரியா நாட்டின் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். 2020 கணக்கெடுப்பில் அங்கே 3.2 கோடிப் பேர் இருந்தார்கள் என்பது உண்மைதான். அதில் மலையும் வயலும் கிராமங்களும் அடக்கம்.

எல்லை சிறியதாக இருந்தால் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும் என்று நினைக்க வேண்டாம். டெட்ராய்ட்டைப் பாருங்கள். 1950-இல் மாநகர எல்லைக்குள் 18.5 லட்சம் பேர், 2020-இல் 6.4 லட்சம் பேர்தான். அதே 2020-இல் பெருநகரப் பகுதி முழுவதும் சுமார் 44 லட்சம் பேர். ஊர் காலியாகவில்லை, மாநகராட்சி எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள் வெளியே போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளையர்கள். மாநகருக்குள் நான்கில் மூவருக்கு மேல் கறுப்பினத்தவர். பெருநகரப் பகுதி என்று எடுத்தால் நான்கில் ஒருவருக்கும் குறைவு. எந்தக் கோட்டை எடுக்கிறீர்களோ அதற்கேற்ற டெட்ராய்ட்தான் உங்களுக்குக் கிடைக்கும்.

பாரிஸில் இதற்கு நேர் எதிர். பணக்காரர்கள் உள்ளே, ஏழைகள் வெளியே. பிரான்சின் ஐரோப்பியப் பகுதியிலேயே வறுமை மிகுந்த மாவட்டம் சென்-சாந்-தெனி. அது பாரிஸ் மாநகரத்தை ஒட்டியே இருக்கிறது. எல்லைச் சாலையைக் கடந்தால் போதும். மாநகராட்சி எண்ணை மட்டும் வைத்துப் பேசினால் டெட்ராய்ட் இருப்பதைவிட ஏழையாகவும் பாரிஸ் இருப்பதைவிடப் பணக்கார ஊராகவும் தெரியும். இந்த இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

கொல்கத்தா இன்னொரு பாடம். 2001-க்கும் 2011-க்கும் இடையே மாநகராட்சி எல்லைக்குள் மக்கள் தொகை குறைந்து 45 லட்சத்துக்கு வந்தது. சுற்றுப்புறத்தையும் சேர்த்த தொகுப்போ 1.32 கோடியிலிருந்து 1.41 கோடிக்கு வளர்ந்தது. ‘கொல்கத்தா சுருங்குகிறது’ என்பதற்கும் ‘கொல்கத்தா வளர்கிறது’ என்பதற்கும் ஒரே கணக்கெடுப்பில் ஆதாரம் இருக்கிறது.

கட்டடத் தொடர்ச்சி

நிர்வாக எல்லையை மறந்துவிட்டு, கட்டடங்கள் எதுவரை விடாமல் போகின்றனவோ அதுவரை ஒரே நகரம் என்று கொள்வது இரண்டாவது வழி. பிரான்சில் விதி கறாரானது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, அந்தப் பரப்பில் குறைந்தது 2,000 பேர் வசிக்க வேண்டும். வானத்திலிருந்து பார்த்தாலே தெரியும் என்பதால் யாரும் அரசியல் காரணத்துக்காக இழுத்து வளைக்க முடியாது. பயணத் தரவும் தேவையில்லை.

இந்தியாவில் கணக்கெடுப்புத் துறை இதோடு இன்னொரு சோதனையையும் சேர்க்கிறது. நகராட்சி அந்தஸ்து இல்லாத ஓர் ஊரை நகரம் என்று கணக்கில் எடுக்க, குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்கள்) குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் வேண்டும். கடைசி நிபந்தனையை இன்னொரு முறை படியுங்கள். ஆண்கள் மட்டும். பெண்கள் எல்லோரும் வயலிலேயே இருந்தாலும் ஊர் நகரமாகிவிடும். அவர்கள் எல்லோரும் தொழிற்சாலைக்குப் போனாலும் ஆண்கள் உழுதுகொண்டிருந்தால் அது கிராமம்தான். ஒரு சமூகத்தைப் படம்பிடிக்கும் அளவுகோலிலேயே பாதிச் சமூகம் விடுபடுவது எனக்கு ஏற்க முடியாத குறை.

கட்டடத் தொடர்ச்சி ஏமாற்றும் இடம் அடர்த்தி. 2010 அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப்பரப்பில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,700 பேர், நியூயார்க்கில் சுமார் 2,050 பேர். அப்படியானால் நியூயார்க்கைவிட லாஸ் ஏஞ்சலிஸ் நெரிசலானதா? இரண்டு ஊரையும் தெரிந்தவர்கள் யாரும் நம்ப மாட்டார்கள். நியூயார்க்கின் புறநகர்கள் பெரிய பெரிய மனைகளோடு பரந்து கிடக்கின்றன, அவை சராசரியைக் கீழே இழுத்துவிடுகின்றன. கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ‘ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர்’ என்று நிலத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, ‘நீங்கள் வசிக்கும் தெருவின் சுற்றுவட்டாரம் எவ்வளவு நெரிசல்’ என்று ஒவ்வொரு ஆளையும் கேட்டு அதற்குச் சராசரி எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால், பெருநகரப் பகுதி அளவில் நியூயார்க்கில் சதுர கிலோமீட்டருக்கு 12,000, லாஸ் ஏஞ்சலிஸில் சுமார் 4,700. மக்கள் நிஜமாக அனுபவிக்கும் அடர்த்தி இதுதான். இந்தக் கணக்கு இல்லாமல் அடர்த்தியை ஒப்பிடும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. லண்டனைச் சுற்றி வீடு கட்டத் தடையுள்ள பசுமை வளையம் இருக்கிறது. அதைத் தாண்டி வசித்துக்கொண்டு தினமும் ரயிலேறி லண்டனுக்கு வருபவர்கள் ஏராளம். கட்டடம் தொடரவில்லை என்பதற்காக அவர்கள் லண்டனைச் சேராதவர்கள் ஆகிவிடுவார்களா?

வேலைக்குப் போய்வரும் வட்டம்

இந்தக் கேள்விக்கு விடை மூன்றாவது கோடு. ஐரோப்பிய ஒன்றியமும் பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓஇசிடியும் வைத்திருக்கும் விதிப்படி, ஓர் ஊரில் வேலை பார்ப்பவர்களில் குறைந்தது 15 சதவீதம் பேர் மைய நகரத்துக்கு வேலைக்குப் போனால் அந்த ஊர் பெருநகர வட்டத்துக்குள் வரும். அமெரிக்காவில் இது 25 சதவீதம். அங்கே அலகு ஊர் அல்ல, கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு.

சமூகப் படம் முழுமையாக வருவது இங்கேதான் என்பது என் கருத்து. மாணவர்களும் தனியாக வாழும் இளைஞர்களும் புதிதாக வந்தவர்களும் மையத்தில் அறை பிடிக்கிறார்கள். கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும் வாடகை கட்டுப்படியாகாமலோ இடம் போதாமலோ வெளியே நகர்கிறார்கள். மையத்தை மட்டும் எடுத்தால், இந்த ஊரில் யாரும் குழந்தையே பெறுவதில்லை என்று தோன்றும். புறநகரை மட்டும் எடுத்தால், இருபது வயதுக்காரர்கள் எங்கே போனார்கள் என்று தேட வேண்டியிருக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் வயதுக் கூம்பு ஒழுங்காக நிற்கும். பணக்காரர் உள்ளேயா வெளியேயா என்ற பாரிஸ்–டெட்ராய்ட் சிக்கலும் இங்கே பெருமளவு தீர்ந்துவிடுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. அலகு பெரிதாக இருந்தால் வட்டம் ஊதிவிடும். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டி 52,000 சதுர கிலோமீட்டர். சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது, பெரும்பகுதி பாலைவனம். கவுண்டியை முழுதாகச் சேர்க்க வேண்டும் என்ற விதியால் அந்தப் பாலைவனமும் பெருநகரப் பகுதிக்குள் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் பழக்கம் வந்த பிறகு பயணக் கணக்கும் பழையதாகிவிட்டது. அமெரிக்கா 2023-இல் வெளியிட்ட எல்லைகளுக்கு அடிப்படை 2016 முதல் 2020 வரை திரட்டிய பயணத் தரவு.

அப்புறம், யார் எங்கிருந்து எங்கே வேலைக்குப் போகிறார் என்ற தகவல் இருந்தால்தான் இந்தக் கோட்டை வரையவே முடியும். இந்தியாவின் 2011 கணக்கெடுப்பு வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டது, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி குறைந்ததால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெருநகரங்களின் உண்மையான வட்டம் தெரியாமல் போயிற்று. வேலைக்குப் போகாதவர்களும் இந்தக் கோட்டை வரைவதில் கணக்கில் வருவதில்லை. மருத்துவமனைக்காக வாராவாரம் நகரத்துக்கு வரும் முதியவரும் கல்லூரிக்கு வந்துபோகும் மாணவியும் எந்த ஊரையும் வட்டத்துக்குள் இழுத்து வர மாட்டார்கள்.

ஒரு கிலோமீட்டர் கட்டம்

ஜகார்த்தாவை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது இதுதான். உலகம் முழுவதையும் ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிப்பார்கள். 1,500 பேருக்குக் குறையாத கட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டியிருந்து, மொத்தம் 50,000 பேர் சேர்ந்தால் அது ஒரு நகர மையம். ஐநா புள்ளியியல் ஆணையம் 2020-இல் இதை ஏற்றது. நாடுகளுக்கிடையே ஒப்பிட இதைவிட நேர்மையான முறை இன்று இல்லை. ஆனால் தலைக்கணக்கைத் தாண்டிப் போக முடிவதில்லை. பல நாடுகளில் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணே, பெரிய பகுதியின் கணக்கெடுப்பைச் செயற்கைக்கோள் காட்டும் கட்டடங்களுக்குப் பிரித்துக் கொடுத்த மதிப்பீடுதான். வருமானமும் தாய்மொழியும் படிப்பும் அப்படிப் பிரித்துக் கொடுத்தால் வந்துவிடாது.

இரவா, பகலா?

நான்கு கோடுகளுக்கும் பொதுவான ஒரு பழக்கம், ஆளை அவர் தூங்கும் இடத்தில் எண்ணுவது. டோக்கியோவின் மையத்திலுள்ள சியோடா வார்டில் அரண்மனையும் நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் டோக்கியோ ரயில் நிலையமும் இருக்கின்றன. 2015 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் சுமார் 58,000. பகலில் இருந்தவர்கள் சுமார் 8.5 லட்சம். லண்டனின் பழைய வணிக மையமான சிட்டி பகுதியில் 2021-இல் குடியிருந்தவர்கள் சுமார் 8,600, வேலைக்கு வருபவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். இப்படிப்பட்ட இடத்தில் ‘ஆயிரம் பேருக்கு இத்தனை திருட்டு’ என்று கணக்குப் போட்டால், பகலில் வந்து பறிகொடுத்தவர்கள் திருட்டு எண்ணிக்கையில் இருப்பார்கள், அதை வகுக்கும் மக்கள் தொகையில் இருக்க மாட்டார்கள். ஜப்பான் பகல்நேர மக்கள் தொகையைத் தனியாக வெளியிடுகிறது. மற்ற நாடுகளும் இதைச் செய்ய வேண்டும்.

சரி, எதை எடுப்பது? வரி, தேர்தல், மாநகராட்சி சேவை பற்றிய கேள்வி என்றால் மாநகராட்சி எல்லையே போதும், வேறு எதுவும் பொருந்தாது. பல நாட்டு நகரங்களை வரிசைப்படுத்த வேண்டும் என்றால் கட்டம். தண்ணீர், வடிகால், வெப்பம் போல நிலத்தோடு ஒட்டிய கேள்விகளுக்குக் கட்டடத் தொடர்ச்சி. யார் எப்படி வாழ்கிறார்கள், ஏற்றத்தாழ்வு எவ்வளவு, குடும்பங்கள் எப்படி மாறுகின்றன என்று கேட்டால் வேலைப்பயண வட்டம்தான். அதையும் ஒற்றைச் சராசரியாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. மையம், உள்வளையம், வெளிவளையம் என்று பிரித்துக் காட்ட வேண்டும். பயணத் தரவு இல்லாத நாட்டில் கட்டடத் தொடர்ச்சியை எடுத்துக்கொண்டு, ரயில் வழியாக நகரத்தோடு இணைந்த ஊர்களைத் தனியாகக் குறிப்பிடலாம்.

எந்தக் கோட்டை எடுத்தாலும் ஆண்டுகளைத் தாண்டி ஒப்பிடும்போது கோடு அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1998 ஜனவரி 1 அன்று டொராண்டோ தன்னைச் சுற்றியிருந்த ஐந்து நகராட்சிகளோடு ஒன்றாக்கப்பட்டது. 1996 கணக்கெடுப்பில் பழைய டொராண்டோவில் 6.5 லட்சம் பேர், 2001-இல் புதிய டொராண்டோவில் 24.8 லட்சம் பேர். புதிய எல்லையை 1996-க்கும் பொருத்திப் பார்த்தால் அப்போதே 23.9 லட்சம் பேர் இருந்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டில் நிஜமான வளர்ச்சி 4 சதவீதம்.