ரிசப்ஷன் மேசையா, கோயில் பிராகாரமா?

எட்டு ஆண்டுகள் ஹோட்டல் ரிசப்ஷனில் நின்றேன். 2018-இல் அந்த வேலையை விட்டுவிட்டுத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலிலும் சுற்றியுள்ள கோயில்களிலும் கைடாக நடக்கத் தொடங்கினேன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் கடைசி ஆண்டு படிக்கும் என் சித்தி மகள் போன வாரம் போன் செய்து, “அக்கா, எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. எதில் போகட்டும்?” என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எனக்குக் கைடு வேலைதான் மேல். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நுழைவு வழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோட்டலுக்குப் பிளஸ் டூ முடித்து நுழைவுத் தேர்வு எழுதினால் சென்னை தரமணியில் மத்திய அரசின் கல்லூரி இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. சமையல், உணவு பரிமாறுதல், ஹவுஸ்கீப்பிங், ஃப்ரன்ட் ஆபீஸ் என்று நான்கு துறைகளையும் தொட்டுப் பார்த்த பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். கைடுக்கு அப்படி ஒரு நேர்வழி கிடையாது. வரலாறு படித்தவரும் வருகிறார், வங்கி வேலையை விட்டவரும் வருகிறார். அரசு நடத்தும் பயிற்சியை முடித்து, தேர்வில் தேறி, அடையாள அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாமல் கோயில் வாசலில் ஆள் பிடிப்பவர்களும் உண்டு. அந்த வழியில் போகாதீர்கள்.

தொடக்கச் சம்பளம் இரண்டிலும் பெரிதாக ஒன்றுமில்லை. 2010-இல் என் முதல் மாதச் சம்பளம் 7,500 ரூபாய். டிப்ஸ் தனி. கைடாக முதல் மாதம் நான்கே நாள்தான் வேலை கிடைத்தது.

ரிசப்ஷன் வேலையைக் குறைத்துப் பேச மாட்டேன். நைட் ஆடிட் என்று ஒரு வேலை உண்டு. இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஷிப்ட். அன்றைய அறை வாடகை, உணவகப் பில், சலவைப் பில் எல்லாவற்றையும் அறை வாரியாகச் சரிபார்த்து அந்த நாளின் கணக்கை மூட வேண்டும். வெளிநாட்டுப் பயணி வந்து இறங்கினால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து, அவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவத்தை (எங்கள் காலத்தில் சி படிவம்) 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒரு எண் தவறினாலும் மறுநாள் விளக்கம் சொல்ல வேண்டியது மேசையில் இருந்தவர்தான். அந்த ஒழுங்கு எனக்கு இன்றும் உதவுகிறது.

வலித்தது வேறு. நான் வேலை பார்த்த ஒரு ஹோட்டலில், விடுமுறை நாள்களில் இருக்கும் அறைகளைவிடக் கூடுதலாக முன்பதிவு எடுப்பார்கள். சிலர் வராமல் போவார்கள் என்பது கணக்கு. ஒரு டிசம்பர் இரவு யாருமே வராமல் போகவில்லை. ஒன்றரை மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு குடும்பம் வந்து நின்றது. பணம் முழுவதும் கட்டிய ரசீது அந்த அம்மாவின் கையில் இருந்தது. அறை இல்லை. முடிவெடுத்தவர்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மன்னிப்புக் கேட்டது நான். வேறொரு விடுதியில் இடம் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்போது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. “நீங்கள் என்ன செய்வீர்கள்” என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கோயிலில் நான் சொல்லும் சொல்லுக்கு நானே பொறுப்பு. பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஒரு கதை ஊரெல்லாம் இருக்கிறது. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கேட்டேன். காலை எட்டு மணிக்கு மேற்குப் பிராகாரத்துக்கு வந்து பாருங்கள், நிழல் தரையில் நீளமாகப் படுத்திருக்கும். நான் பயணிகளை அந்த நிழலுக்குள்ளேயே நிற்க வைத்துத்தான் பேசத் தொடங்குகிறேன், வெயிலுக்கும் இதம். ‘நிழலே விழாது’ என்று சொன்னால் முகங்கள் மலரும், டிப்ஸும் கூடும். எனக்கு அது வேண்டாம். 1010-இல் கட்டி முடித்த கோயிலுக்குப் பொய்ப் பெருமை எதற்கு?

அங்கிருந்து கல்வெட்டுக்கு அழைத்துப் போவேன். தாம் கொடுத்ததையும், அக்கா குந்தவை கொடுத்ததையும், மனைவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னார் ராஜராஜன். கோயிலில் ஆட அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும் இருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரை எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆகஸ்ட்டில் வந்த பிரெஞ்சுக் குழுவில் ஒரு மூதாட்டி, “சில பெயர்களைச் சத்தமாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததிலிருந்து பத்துப் பெயர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றும் ‘நக்கன்’ என்று தொடங்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரிசப்ஷனில் நின்ற எட்டு ஆண்டுகளில் இப்படி ஒரு நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை.

ஆனாலும் நான் மாறியதற்கு இது காரணமில்லை. மனநிறைவை மட்டும் நம்பி வேலையை மாற்றாதீர்கள். என்னை மாற்றியது வயதுக் கணக்கு. என் சித்தி மகள் இதைக் கேட்கவே இல்லை. இருபத்தொரு வயதில் நானும் கேட்கவில்லை. இதைச் சற்று நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

நடுத்தர ஹோட்டலின் ஃப்ரன்ட் ஆபீஸில் ஏழெட்டுப் பேர் இருப்போம். மேலே ஒரு டூட்டி மேனேஜர், அவருக்கும் மேலே ஒரு ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர். முப்பது வயதைத் தாண்டும்போது ஏழெட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் அந்த நாற்காலி கிடைக்கும். மற்றவர்கள் என்ன ஆவார்கள்? என் கண் முன்னாலேயே பார்த்தேன். நாற்பத்து நான்கு வயதில், எங்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்த ஒருவரை ஒருநாள் மேசையிலிருந்து எடுத்து, ஜன்னல் இல்லாத பின் அறையில் முன்பதிவுத் தொலைபேசிக்கு அனுப்பினார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை. முன்னால் இளமுகம் வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். அன்று எனக்கு வயது இருபத்தொன்பது. வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், பதினைந்து ஆண்டுகள் மிச்சம்.

நான் சேர்த்து வைத்த அறிவு என்னவென்றும் அன்று யோசித்தேன். எந்த அறையில் வெந்நீர் தாமதமாக வரும், எந்த வாடிக்கையாளருக்கு மாடிப்படிக்குப் பக்கத்து அறை ஆகாது, எங்கள் கணினி மென்பொருளில் பில்லைப் பிரிப்பது எப்படி. எல்லாம் அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் செல்லும் நாணயம். வேறு ஹோட்டலுக்குப் போனால் மனிதர்களைச் சமாளிக்கும் பக்குவம் கூட வரும். மற்றதை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கைடு வேலையில் வயது ஏற ஏற மதிப்பு ஏறுகிறது. எங்கள் கோயிலில் அறுபதைத் தாண்டிய கைடு ஒருவர் இருக்கிறார். பயண ஏற்பாட்டாளர்கள் அவருடைய தேதியைக் கேட்டுவிட்டுத்தான் குழுவின் தேதியையே முடிவு செய்கிறார்கள். நரைத்த தலை பேசும்போது பயணி குறுக்கே கேள்வி கேட்காமல் கேட்கிறார். போன ஆண்டு படித்த கல்வெட்டு இந்த ஆண்டும் என்னோடு இருக்கிறது. தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் அது கூடவே வருகிறது. எந்த முதலாளியும் அதைப் பின் அறைக்கு அனுப்ப முடியாது.

அந்த மதிப்பு சும்மா ஏறுவதில்லை, பராமரிப்பு வேண்டும். முதல் பராமரிப்பு மொழி. புதுச்சேரிக்குப் பஸ் ஏறி இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளில் பிரெஞ்சு படித்தேன். ஆங்கிலத்தில் நாளுக்கு 2,500 ரூபாய் வாங்கும் நான் பிரெஞ்சுக் குழுவுக்கு 4,000 வாங்குகிறேன். இது என் கணக்கு, ஊருக்கு ஊர் மாறும். பிரெஞ்சுக்காரர்கள் ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையிலும் வருவதால் மற்றவர்களுக்கு வேலை இல்லாத மாதங்களில் எனக்கு வேலை இருக்கிறது. ஆனால் மூன்று மாதம் பேசாவிட்டால் மொழி துருப்பிடித்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் தினமும் ஒரு மணி நேரம் வானொலி கேட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இரண்டாவது பராமரிப்பு கால். ஏப்ரல் மதியத்தில் பிராகாரத்துக் கல்தளத்தில் செருப்பில்லாமல் நிற்கிற வேலை இது. விரிப்புப் போட்ட பாதையில் பயணிகளை நிற்க வைத்தால் எனக்கு மிஞ்சுவது வெறும் கல். உள்ளங்கால் பழகிக்கொண்டது, முழங்கால் பழகவில்லை. அந்த அறுபது வயதுக்காரரும் இப்போது ஒரு நாளில் ஒரு கோயில்தான் ஏற்கிறார். ஐம்பத்தைந்தில் என் முழங்கால் எப்படி இருக்கும் என்பதை நான் இன்னும் வாழ்ந்து பார்க்கவில்லை. வயதுக் கணக்கில் இந்த இடம் மட்டும் எனக்கு ஊகம்தான்.

இனி, கைடு வேலையில் இறங்கும் முன் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியவை. 2020 மார்ச்சில் சுற்றுலா விசாக்கள் நின்றன. தனிப் பயணிகளுக்கு மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 15-இல். இருபது மாதங்கள். ஹோட்டலில் இருந்த என் தோழிகள் பாதிச் சம்பளம் வாங்கினார்கள், எனக்குப் பாதியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் ஆங்கில வகுப்பு எடுத்துச் சமாளித்தேன். நகை அடகுக்குப் போனது. கணவருக்கு மாதச் சம்பளம் இருந்ததால் வீடு ஓடியது. இல்லையென்றால் நான் மறுபடி ஏதாவது ஒரு மேசைக்குத்தான் போயிருப்பேன். நான் தினமும் காட்டும் அந்தக் கல்வெட்டிலேயே, பங்கு பெற்றவர் இறந்தாலோ வெளியூர் போனாலோ அடுத்த உறவினர் அந்த வேலையையும் பங்கையும் பெறலாம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. என் மகன் பிறந்தபோது ஹோட்டல் வேலையில் இருந்ததால் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. இன்று மகப்பேறு விடுப்புச் சட்டம் 26 வாரம் தருகிறது. கைடாக இருந்தால் ஒரு வாரம்கூடக் கிடையாது. பெண்கள் இதை நன்றாக எடை போட வேண்டும்.

மறுபக்கம் நைட் ஷிப்ட். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு இரவு பத்தரைக்கு வேலைக்குக் கிளம்பிய மாதங்களை நான் திரும்ப வாழ விரும்பவில்லை. கைடு வேலை வெயிலோடு தொடங்கி வெயிலோடு முடிகிறது.

கமிஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டுக் கடை, வெண்கலச் சிலைக் கடை, தஞ்சாவூர் ஓவியக் கடை என்று எங்கே அழைத்துப் போனாலும் கைடுக்கு ஒரு பங்கு உண்டு. முதல் ஆண்டு நானும் வாங்கினேன். நாளடைவில், பயணி என்னை நம்பித் தருகிற விலையில்தான் என் பங்கும் ஒளிந்திருக்கிறது என்பது உறுத்தியது. காலையில் நிழலைப் பற்றி உண்மை பேசிவிட்டு மாலையில் விலையைப் பற்றி வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. இப்போது கேட்பவர்களைச் சுவாமிமலைக்கு அழைத்துப் போய் வெண்கலச் சிலை வார்க்கும் வேலையைக் காட்டுவதோடு சரி. இதனால் வருமானம் குறைந்தது உண்மை. குடும்பத்தை ஒற்றை ஆளாகச் சுமக்கும் கைடு ஒருவர் கமிஷன் வாங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சமையலறைப் பக்கம் படிப்புக் காலப் பயிற்சியோடு சரி, பயணக் கப்பல்களில் கிடைக்கும் ஹோட்டல் வேலை அறவே தெரியாது. அவற்றை வேறு யாரிடமாவது கேளுங்கள். பெரிய நகரத்து நட்சத்திர ஹோட்டல்களிலும் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே மேலே போக இன்னும் சில படிகள் இருக்கலாம்.

சித்தி மகளிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன். சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார், தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்குப் பணம் வர வேண்டும். அதனால் இப்போதைக்கு ஹோட்டல். மூன்று ஆண்டுகள் மேசையில் நிற்கட்டும். கோபமாக வருபவர் முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்பது எப்படி என்று அந்த மேசையைப் போல வேறு எதுவும் கற்றுக்கொடுக்காது. அதே மூன்று ஆண்டுகளில் ஒரு மொழி. பிரெஞ்சில் நான் இருக்கிறேன், கும்பகோணம் பக்கம் நான் பார்த்தவரை ஜெர்மனும் ஸ்பானிஷும் பேசும் கைடுகள் மிகக் குறைவு. அவள் ஸ்பானிஷ் என்றாள். பாடப்புத்தகம் என் செலவு, வகுப்புக் கட்டணம் அவளுடைய முதல் சம்பளத்திலிருந்து என்று பேசி வைத்திருக்கிறோம்.