பல்சர் தெர்மியன் 2 எல்ஆர்எஃப் எக்ஸ்பி50 ப்ரோ: இருட்டில் எவ்வளவு தூரம் சுடலாம்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விளம்பரத்தில் போட்டிருக்கும் 1,800 மீட்டரை நம்பி இந்தத் தெர்மல் ஸ்கோப்பை, அதாவது இருட்டில் சூட்டைப் படமாகக் காட்டும் இந்த ரைஃபிள் ஸ்கோப்பை, வாங்காதீர்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை, ஆனால் அது ‘அங்கே சூடாக ஏதோ நிற்கிறது’ என்று தெரியும் தூரம். நிற்பது காட்டுப்பன்றியா, பக்கத்துப் பண்ணைக்காரரின் கன்றுக்குட்டியா என்று தெரியும் தூரம் வேறு. குறி வைத்து நம்பிக்கையோடு ட்ரிகரை அழுத்தும் தூரம் இன்னும் வேறு. ராத்திரியில் இரும்புத் தகடுகளைச் சுட்டுப் பழகிய பிறகு உயிருள்ள எதன்மேலும் சுட நான் எனக்குப் போட்டுக்கொண்ட எல்லை 250 கஜம். தகடு என்றால் 500 வரை போகலாம், தவறினால் தகடு ஒன்றும் காயத்தோடு ஓடப்போவதில்லை.

நான் இருப்பது டெக்சாஸில். இங்கே காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் சோளக்காட்டை உழுது போட்டுவிடும், அதனால் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் ராத்திரியிலும் சுடலாம், 2019 செப்டம்பரிலிருந்து அதற்கு வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். மான் அப்படியில்லை, சூரியன் மறைந்து அரைமணி நேரத்துக்குப் பிறகு தொடக்கூடாது. ஹெச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம்: பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் மத்தியச் சட்டம், அதிலிருந்து விலக்கு தருவதே செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ்தான். க்ரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

சரி, ஸ்கோப்புக்கு வருவோம். 640க்கு 480 சென்சார், பிக்சல் ஒவ்வொன்றும் 17 மைக்ரான், முன்னால் 50 மில்லிமீட்டர் ஜெர்மானியம் லென்ஸ். சாதாரணக் கண்ணாடி வழியாக இந்த வெப்பக் கதிர் போகாது, கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தால் உங்கள் முகம்தான் மங்கலாகத் தெரியும். விலை ஐயாயிரம் டாலர் வரிசையில் நிற்பதற்கு அந்த ஜெர்மானியமும் ஒரு காரணம்.

அந்த 17 மைக்ரானையும் 50 மில்லிமீட்டரையும் வகுத்துப் பார்த்தால் 100 கஜத்தில் ஒரு பிக்சல் ஒன்றேகால் அங்குலத்தை மூடுகிறது. 300 கஜத்தில் கிட்டத்தட்ட நாலு அங்குலம், 500இல் ஆறு அங்குலம். 300 கஜத்தில் தொங்கும் ஆறு அங்குலத் தகடு முழுசாக இரண்டு பிக்சல்கூட இல்லை, அதன் நடுவை எங்கே போய்த் தேடுவது? 16 மடங்கு பெரிதாக்கலாமே என்பார்கள். இரண்டு மடங்குக்கு மேல் எல்லாமே டிஜிட்டல் ஜூம், இருக்கிற பிக்சலை இழுத்துப் பெரிதாகக் காட்டுமே தவிர புதிதாக ஒன்றும் தராது. நான் நாலிலேயே வைத்துச் சுடுகிறேன். ஆனால் ஜீரோ போடும்போது (குறி வைக்கும் இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்யும்போது) மட்டும் ஜூமைக் கூட்டிக்கொள்ளுங்கள், அப்போதுதான் ஒவ்வொரு க்ளிக்குக்கும் குறி சின்னதாக நகரும். சுட்டவுடன் படத்தை உறைய வைத்து, குறியை அடி விழுந்த இடத்துக்கு நகர்த்தும் வசதியும் இருக்கிறது. அது உண்மையிலேயே அருமை, தனியாளாக ஜீரோ போட்டுவிடலாம்.

பழகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது டார்கெட். பேப்பர் ராத்திரியில் தெர்மலுக்கு இல்லாத பொருள் மாதிரிதான், சுற்றியிருக்கும் காற்றும் அதுவும் ஒரே சூடு. பின்பக்கம் கை சூடேற்றும் பாக்கெட் ஒன்றை டேப் போட்டு ஒட்டினால் பளிச்சென்று தெரியும். இல்லாவிட்டால் அலுமினியம் ஃபாயில் டேப்பில் ஒரு சதுரம் வெட்டி, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து ஒட்டுங்கள், குளிர்ந்த வானத்தை எதிரொளித்து அது கறுப்பாகத் தெரியும். இரும்புத் தகடு பகல் வெயிலை வாங்கி வைத்திருப்பதால் முன்னிரவில் நன்றாகத் தெரியும், அப்புறம் ஆறிப்போய் மண்ணோடு மண்ணாகிவிடும். சாயங்காலமும் விடியற்காலையும் எல்லாம் ஒரே சூட்டுக்கு வரும் ஒரு நேரம் உண்டு, அப்போது ஐயாயிரம் டாலர் ஸ்கோப்பும் சாம்பல் பூசிய திரைதான். நான் போகும் ரேஞ்சில் ‘நைட் ஷூட்டிங்’ என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் ஒரு தகட்டைக்கூடச் சூடாக்கி வைப்பதில்லை, கேட்டால் சிரிக்கிறார்கள். பாக்கெட்டை நீங்களே கொண்டுபோங்கள்.

தகட்டில் அடி விழும்போது பார்க்க வேண்டுமே! குண்டு பட்ட இடம் சட்டென்று வெள்ளைப் புள்ளியாக எரியும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ‘டங்’ என்ற சத்தம் வந்து சேர்வதற்குள் எங்கே பட்டது என்று தெரிந்துவிடும். பகல் ஸ்கோப்பில் இந்தச் சுகம் கிடையாது.

பகலில் கிடைத்து இதில் கிடைக்காதது காற்று. தூரத்தில் புல் எந்தப் பக்கம் சாய்கிறது, கானல் எப்படி ஓடுகிறது, எதுவும் தெரியாது. கன்னத்தில் படும் காற்றை வைத்து 400 கஜத்துக்கு அப்பால் ஊகித்துச் சுடுவது பழக்கத்துக்கு நல்லது, பன்றிக்கு நல்லதில்லை. துப்பாக்கி முனையில் சத்தம் குறைக்கும் சப்ரெஸர் மாட்டியிருந்தால் சில குண்டுகளிலேயே சூடேறி, படத்தின் அடியில் வெள்ளையாக வந்து நிற்கும். பொறுத்துச் சுடுங்கள்.

தூரம் மட்டும் ஊகிக்க வேண்டியதில்லை. உள்ளேயே இருக்கும் லேசர் தூரமானி (பெயரில் வரும் எல்ஆர்எஃப் இதுதான்) 800 மீட்டர் வரை அளக்கும். இருட்டில் கண்ணால் தூரம் மதிப்பிடவே முடியாது, சின்னப் பன்றி பக்கத்தில் நிற்பதும் பெரிய பன்றி தள்ளி நிற்பதும் ஒரே வெள்ளைக் குமிழ்தான். 100 கஜத்துக்கு ஜீரோ போட்ட 6.5 க்ரீட்மோர் ரகக் குண்டு 300இல் சுமார் ஓரடி இறங்கும், 500இல் சுமார் நாலடி. இதற்காகவே எல்ஆர்எஃப் இல்லாத மாடலை வாங்க வேண்டாம் என்பேன்.

சின்ன விஷயங்கள் சில. தானியங்கிக் கேலிப்ரேஷனை (ஸ்கோப் அவ்வப்போது தானாகவே சென்சாரைச் சரிசெய்துகொள்வதை) முதல் வேலையாக நிறுத்துங்கள், மூச்சை அடக்கிக் குறி வைத்திருக்கும்போது ‘டக்’ என்று ஷட்டர் மூடிப் படம் நின்றுபோனால் எரிச்சல் வரும். செமி-ஆட்டோவில் வைத்து, வேண்டும்போது நீங்களே பட்டனை அழுத்துங்கள். திரை வெளிச்சத்தையும் குறையுங்கள். கண்ணை எடுத்ததும் வலது கண் குருடுபோல் ஆகி, ரைஃபிளின் போல்ட்டைத் தடவித் தேட வேண்டியிருக்கும். படத்தைச் சிவப்பில் மட்டும் காட்டும் ரெட் மோனோக்ரோமில் இந்தத் தொந்தரவு குறைவு. பேட்டரி இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று கழற்றி மாற்றுவது. கழற்றுவதில் ஒரு உபரி வாங்கிக்கொண்டால் ராத்திரி முழுக்கக் கவலையில்லை.

திறந்த வெளி, நீண்ட தூரம், தகடு சுடுவதுதான் ஆசை என்றால் இதே வரிசையில் எக்ஸ்ஜி50 பாருங்கள். அது 12 மைக்ரான், 300 கஜத்தில் ஒரு பிக்சலுக்கு இரண்டரை அங்குலம்தான், பெரிதாக்குவதும் ஆரம்பமே மூன்று மடங்கு. ஆனால் பார்வை குறுகும். புதர் மண்டிய நிலத்தில் கூட்டமாக ஓடும் பன்றிகளைத் தொடர எனக்கு எக்ஸ்பி50தான் வசதியாக இருக்கிறது, அதனால் மாற்றவில்லை.